நடுவழியில் காற்றுக்கு எங்கே போவது?

சீனப் பெருநாளின் இரண்டாம் நாள் டயர் பஞ்சரானால் என்ன செய்வீர்கள்? சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால் என்று எங்கே தேடினாலும் டயர் கடைக் கதவுகள் மூடியிருக்கும். சில தவுக்கேக்கள் நல்ல நாள் பார்த்துத்தான் கடையைத் திறப்பார்கள். அது ஐந்தாம் நாளாகவும் இருக்கலாம், எட்டாம் நாளாகவும் இருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு அது நடந்தது. பாரிட் புந்தாரில் இருக்கும் மாமா வீட்டுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு பழைய பெரிய சாலையில் போய்க்கொண்டிருந்தேன். சுங்கை பாக்காப்பைத் தாண்டி ஜாவிக்குப் போகும் வழியில் ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. உடனே ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால் முன்சக்கரம் பாதி உட்கார்ந்துவிட்டது. மதியம் இரண்டு மணி. நிழல் இல்லை. அம்மாவுக்கு அப்போது 74 வயது, சர்க்கரை வேறு.

ஸ்பேர் டயர்தான் இருக்கிறதே என்று பூட்டைத் திறந்தேன். குடை, கோயில் கூடை, அரிசி மூட்டை எல்லாவற்றையும் இறக்கி ஸ்பேரை வெளியே எடுத்துக் கையால் அழுத்தினேன். பழுத்த பப்பாளி மாதிரி உள்ளே போனது. கார் வாங்கிய நாளிலிருந்து அதற்கு ஒரு தடவையாவது காற்று பார்த்தேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அந்தக் கதையின் மீதியைப் பிறகு சொல்கிறேன். அது இப்போது ஞாபகத்துக்கு வந்ததற்குக் காரணம், கார் பேட்டரியைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியதைப் படித்துவிட்டு சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஒரு வாசகி கேட்ட கேள்வி. "கடையில் கால் பம்ப், மின்சாரப் பம்ப், டப்பா மருந்து எல்லாம் விற்கிறார்கள். மகள் தினமும் தனியாகக் காரோட்டி வேலைக்குப் போகிறாள். இதில் எதை வாங்கிக் கொடுப்பது?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் அந்த அம்மாவின் மகள் எந்த வழியாகப் போகிறாள் என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும்.

பழைய சாலையில் போகிறாள் என்றால் ஒரு பதில், நெடுஞ்சாலையில் போகிறாள் என்றால் வேறு பதில். ஜாவி டோலில் ஏறி வடக்கே போகிறவள் நடுவில் பஞ்சரானால், காற்று அடிக்கும் கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது. அவசரத் தடம் என்பது பாதுகாப்பான இடம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் அதில்தான் ஓடுகின்றன. தூக்கக் கலக்கத்தில் வரும் லோரியும் இடது பக்கம்தான் ஒதுங்கும். டயர் மாற்றக் குனிந்தவர் மீது வாகனம் ஏறிய செய்தியை நாமெல்லாம் நாளிதழில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறோம். அதிலும் வலது பக்கச் சக்கரம் என்றால், குனிந்திருப்பவரின் முதுகு போக்குவரத்துக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே நெடுஞ்சாலையில் காற்று இறங்குவது தெரிந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் வேகத்தைக் குறைத்து, நான்கு விளக்குகளையும் சிமிட்டவிட்டு, மெல்ல உருட்டிக்கொண்டு போங்கள். டோல் சாவடியோ ஓய்வுப் பகுதியோ கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் அதுவரை உருட்டலாம். டயர் கெட்டுப்போகும், ரிம் நசுங்கினாலும் நசுங்கும். போகட்டும், அவை பணம் கொடுத்தால் கிடைக்கும் பொருள்கள். அப்படி இடம் எதுவும் இல்லை என்றால் அவசரத் தடத்தில் எவ்வளவு இடது பக்கம் ஒதுங்க முடியுமோ அவ்வளவு ஒதுங்கி, எல்லாரும் இடது பக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு பிளஸ் நிறுவனத்தின் 1800-88-0000 எண்ணை அழையுங்கள். சாலையோரச் சிறு பலகையில் இருக்கும் கிலோமீட்டர் எண்ணையும், வடக்கே போகிறீர்களா தெற்கே போகிறீர்களா என்பதையும் சொன்னால் போதும். ரோந்துப் படையினர் வந்து கூம்புகளை வைத்த பிறகு மற்றதைப் பார்க்கலாம். அதற்குள் யாரும் அழைக்காமலே ஓர் இழுவை லோரி வந்து நின்று, "நான் இழுத்துப் போகிறேன்" என்று கொக்கியை எடுத்தால், விலை பேசாமல் காரைத் தொட விடாதீர்கள். உங்கள் கார் காப்புறுதியிலேயே 24 மணி நேர உதவி சேர்ந்திருக்கலாம். அந்த எண்ணை இன்றைக்கே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

இனி பழைய சாலைக்கு வருவோம். எண்ணெய் நிலையம் முன்னாலோ, ஒட்டுக்கடை வாசலிலோ, கோயில் திடலிலோ காரைச் சமதரையில் நிறுத்திவிட்டீர்கள். பம்ப்பை எடுப்பதற்கு முன் டயரை ஒரு சுற்றுப் பாருங்கள். தரையில் படும் பாகத்தில் ஆணியோ திருகாணியோ குத்தியிருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். ஓட்டையை இப்போது ஓரளவுக்கு அடைத்துக்கொண்டிருப்பதே அந்த ஆணிதான். டயரின் பக்கச் சுவரில் வெட்டு, வீக்கம், கிழிசல் இருந்தாலோ, காற்றில்லாமல் வெகுதூரம் ஓடிப் பக்கச் சுவர் சுற்றிலும் தேய்ந்து சூடாகி இருந்தாலோ அதற்குக் காற்று அடிக்கவே வேண்டாம். அப்படிப்பட்ட டயர் காற்று ஏற ஏற வெடிக்கக்கூடும். நல்ல டயராக இருந்தாலும் அதன் பக்கச் சுவருக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு காற்று அடிக்கும் பழக்கம் வேண்டாம்.

எவ்வளவு காற்று என்பதில் பலருக்குக் குழப்பம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஓட்டியிருக்கும் தாளில் அந்த அளவு இருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 220 கிலோபாஸ்கலை ஒட்டி வரும். கருவியில் பிஎஸ்ஐ என்று காட்டினால் அது 32. பார் என்று காட்டினால் 2.2. மூன்றும் ஒரே அளவுதான். டயரின் மேலேயே பொறித்திருக்கும் பெரிய எண், அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடித்துவிட்டுக் கார் குதிக்கிறது என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சின்னக் கார் டயரின் உள்ளே ஏறத்தாழ 25 லிட்டர் இடம் இருக்கும். அதை 220 கிலோபாஸ்கலுக்கு ஏற்ற வெளியிலிருந்து சுமார் 55 லிட்டர் காற்றை உள்ளே தள்ள வேண்டும். உங்கள் கால் பம்ப் ஒரு மிதிக்குக் கால் லிட்டர் தள்ளும் என்று வைத்துக்கொண்டால் 220 மிதி. கசிவையும் களைப்பையும் சேர்த்தால் 300-க்குக் கிட்டே போகும். நம் ஊர் வெயிலில் இளவட்டம் செய்யலாம், என்னைப் போன்றவர்கள் நூறில் உட்கார்ந்துவிடுவோம். ஆனால் பாதி இறங்கிய டயரைத் தூக்கிவிட நூறு மிதி போதும். மின்சாரமோ பேட்டரியோ வேண்டாம், பத்து வருடம் பூட்டில் கிடந்தாலும் வேலை செய்யும் என்பது கால் பம்ப்பின் பெருமை.

சைக்கிள் பம்ப்பும் வேலை செய்யும், அதன் வாய் பொருந்தினால். இந்தக் காலத்து மலைச் சைக்கிள்கள் பலவற்றில் கார் வால்வும் சைக்கிள் வால்வும் ஒன்றுதான். தாத்தா காலத்துப் பெரிய சைக்கிளின் வால்வு வேறு மாதிரி, அந்தப் பம்ப் காருக்குப் பிடிக்காது.

காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மின்சாரப் பம்ப்தான் அந்த அம்மாவின் மகளுக்கு ஏற்றது என்பேன். மேலே சொன்ன 55 லிட்டரை அது ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஏற்றிவிடும். வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். மின்கம்பி பின்சக்கரம் வரை எட்டுகிறதா? வேண்டிய அளவு வந்ததும் தானே நிற்கிறதா? எத்தனை வாட் இழுக்கிறது? பல கார்களில் அந்தத் துளையின் மேலேயே 120 வாட் என்று எழுதியிருக்கும். அதைவிட அதிகம் இழுக்கும் பம்ப்பைச் செருகினால் பியூஸ் போகும், பஞ்சரோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். காற்று அடிக்கும்போது என்ஜின் ஓடட்டும், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கும். பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் சின்னப் பம்ப்புகள் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிடும். நிறுத்தி ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள். வால்விலிருந்து குழாயைக் கழற்றும்போது அந்த முனையும் சுடும்.

கைப்பேசி மாதிரி மின்னூட்டி வைத்துக்கொள்ளும் பேட்டரிப் பம்ப்புகளும் வந்துவிட்டன. கைக்கு அடக்கமாக அழகாக இருக்கின்றன. ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டும் இந்த ஊரில், லித்தியம் பேட்டரியை மாதக்கணக்கில் உள்ளேயே போட்டு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதோடு, தேவைப்படுகிற அன்றைக்கு அதில் மின்சாரம் இருக்க வேண்டும். ஸ்பேர் டயருக்கே காற்று பார்க்காத நாம் இதற்கு மாதாமாதம் மின்னூட்டுவோமா?

டப்பா மருந்து என்று வாசகி எழுதியது டயருக்குள் செலுத்தும் பசையை. சில புதிய கார்களில் ஸ்பேர் டயருக்குப் பதிலாக ஒரு புட்டிப் பசையும் ஒரு குட்டிப் பம்ப்புமே தருகிறார்கள். உங்கள் காரில் எது இருக்கிறது என்று இன்றைக்கே பூட்டின் அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். நடுவழியில் தூக்கிப் பார்த்து அங்கே டயர் இல்லை என்று திகைத்தவர்கள் உண்டு. பொதுவாக 4 மில்லிமீட்டர் அளவுக்குள், அதுவும் தரையில் படும் பாகத்தில் உள்ள ஓட்டையைத்தான் இந்தப் பசை அடைக்கும். பக்கச் சுவருக்கு உதவாது. பசை போட்டதும் சிறிது தூரம் மெல்ல ஓட்டினால்தான் அது உள்ளே பரவும். பிறகு நிறுத்திக் காற்றின் அளவைப் பார்த்து, 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் டயர் கடைக்குப் போக வேண்டும். புட்டியில் காலாவதித் தேதி உண்டு. பசை போட்டிருக்கிறது என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் டயரைக் கழற்றச் சொன்னால் அந்தப் பிசுபிசுப்பு அவர் சட்டையெல்லாம் ஆகும், உங்களுக்கு நல்ல வார்த்தை கிடைக்காது.

எண்ணெய் நிலையத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நம் நாட்டில் காற்று இலவசம். எண்ணை அழுத்தி வைத்துக் குழாயைப் பொருத்தினால் கருவி தானே ஏற்றிவிட்டுக் கூவும். என்ன, அவசரத்துக்குப் போகிற அன்றைக்குத்தான் கருவியின் மேல் 'ரோசாக்' என்று தாள் ஒட்டியிருக்கும்.

காற்று அடிக்க மனிதர்கள் பட்ட பாடு இன்று நேற்றையதல்ல. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்து, 1888-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஏழே ஆண்டுகளில், 1895-இல், பாரிசிலிருந்து போர்தோவுக்குப் போய்த் திரும்பும் கார் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த டயரோடு ஒரு காரை இறக்கினார்கள். வழி நெடுகப் பஞ்சர், ஒட்டு, பம்ப். ஆனாலும் போய்ச் சேர்ந்தார்கள். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டல் கார்களில் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சியடிக்க ஸ்பேர் டயரின் காற்றையே பயன்படுத்தினார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. கண்ணாடியை அடிக்கடி கழுவியவருக்கு ஸ்பேர் டயரில் காற்று குறையும்! இந்த டயர்களுக்கெல்லாம் பால் வெட்டிக் கொடுத்தவர்களில் நம் செபராங் பிறைத் தோட்டங்களில் இருந்த தாத்தா பாட்டிகளும் அடக்கம். கரும்பு போய் ரப்பர் வந்து, ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும், அந்தச் சாலையில் எனக்கு உதவி செம்பனை வழியாகத்தான் வந்தது.

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று என்னைத் தாண்டிப் போய் ஓரமாக நின்றது. அறுபது வயதிருக்கும் தமிழர் ஒருவர் இறங்கி வந்தார். காரைப் பார்ப்பதற்கு முன் அம்மாவைப் பார்த்தார். "ஏன்மா வெயில்ல நிக்கிறீங்க? அந்த லோரி நிழலுக்கு வாங்க" என்று அழைத்துக்கொண்டு போய் நிறுத்திவிட்டுத்தான் டயர் பக்கம் குனிந்தார்.

"ஆணி இருக்கு தம்பி. பிடுங்கிடாதீங்க. ஸ்பேரு?"

காட்டினேன். ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "கடைசியா இத எப்ப பாத்தீங்க?" நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

லோரியின் பிரேக் காற்றில் வேலை செய்வது. அதற்காக வண்டியிலேயே காற்றுத் தொட்டி உண்டு. அதிலிருந்து எடுத்த நீளக் குழாய் ஒன்று அவர் இருக்கைக்கு அடியில் சுருண்டு கிடந்தது. உட்காரும் இடத்தைத் தூசி தட்டவும், தன் டயருக்குக் காற்று அடிக்கவும் வைத்திருந்தாராம். என் காரை லோரிக்குப் பின்னால் கொஞ்சம் உருட்டச் சொன்னார். அந்தத் தொட்டியில் இருப்பது 800 கிலோபாஸ்கல் அளவுக்கான காற்று, கார் டயருக்கு வேண்டியதைப் போல மூன்றரை மடங்கு. அதனால் அவர் ஒரேயடியாக அடிக்கவில்லை. சில விநாடி அடிப்பார், நிறுத்துவார், சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி இருக்கும் அளவுகோலை எடுத்து வால்வில் வைத்துப் பார்ப்பார், மறுபடி அடிப்பார். லோரிக்காரரிடம் உதவி கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அளவுகோல் இல்லாமல் அந்தக் காற்றைக் கார் டயருக்குள் விடுவது ஆபத்து.

ஸ்பேருக்கும் அடித்துக் கொடுத்தார். பிறகு வால்வின் மேலும் ஆணியைச் சுற்றியும் எச்சிலைத் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வால்வில் இல்லை. ஆணிப் பக்கம் மெல்ல ஒரு குமிழி எழுந்தது.

"மெதுவாத்தான் இறங்குது. மாமா வீட்டுக்கெல்லாம் இன்னிக்குப் போவாதீங்க. திரும்பி வீட்டுக்குப் போயிருங்க. அம்பதுக்கு மேல போவாதீங்க. வழியில உக்காந்துச்சுன்னா இப்ப ஸ்பேரு இருக்கு, மாட்டிக்கலாம்."

காசு நீட்டினேன், வாங்க மறுத்தார். காரில் மாமா வீட்டுக்கு எடுத்துப்போன ஆரஞ்சுப் பழப் பெட்டி இருந்தது. அம்மா அதைத் திறந்து கை நிறைய எடுத்துக் கொடுத்தார். இரண்டை மட்டும் வாங்கி டேஷ்போர்டின் மேல் வைத்துக்கொண்டு போனார்.

வீடு வந்து சேர்ந்தோம். டயர் கடை திறக்க இன்னும் மூன்று நாள் இருந்தது. ஸ்பேரை மாட்டிக்கொண்டு ஓட்டியிருக்கலாம்தான். ஆனால் எத்தனை ஆண்டுகள் மென்மையாய்க் கிடந்ததோ, அதன் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் மலைச் சைக்கிள் பம்ப்பை வாங்கிவந்து காலையும் மாலையும் ஆணி குத்திய டயருக்கே அடித்தேன். ஊருக்குள் மருந்து வாங்கப் போய்வர அது போதுமாக இருந்தது. கடை திறந்த அன்று தவுக்கே பிடுங்கிக் காட்டியது கூரைத் தகட்டுக்கு அடிக்கும் திருகாணி. வெளியிலிருந்து ரப்பர் திரி செருகுவதா, டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டுவதா என்று கேட்டார். உள்ளிருந்து ஒட்டச் சொன்னேன். அப்படிச் செய்தால்தான், காற்றுக் குறைந்து ஓடியதில் உள்பக்கம் தேய்ந்திருக்கிறதா என்பதும் தெரியும். நல்லவேளை, சீக்கிரம் நிறுத்தியதால் ஒன்றும் ஆகவில்லை. திரும்புவதற்கு முன் அவரே ஸ்பேரையும் உருட்டிப் பார்த்து, இன்னும் ஓடும் என்றார்.

நல்ல டயர்கூட மாதத்துக்கு 7 கிலோபாஸ்கல் அளவுக்குத் தானாகவே காற்றை இழக்கும். அந்தக் கணக்கில் இரண்டு வருடம் யாரும் தொடாத ஸ்பேர் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்பேர் மற்ற நான்கையும்விட ஒல்லியான தற்காலிக டயராக இருந்தால் அதன் கணக்கு வேறு. அதற்குப் பெரும்பாலும் 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பிஎஸ்ஐ வேண்டும். பக்கச் சுவரிலேயே எழுதியிருக்கும். மற்ற டயர்களைப் போல 220 வைத்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அதில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவும் கூடாது.

சிம்பாங் அம்பாட் வாசகிக்கு: மகளுக்கு லைட்டர் துளையில் செருகும் மின்சாரப் பம்ப் ஒன்று, டார்ச் விளக்கு ஒன்று, எதிரொளிக்கும் மேற்சட்டை ஒன்று வாங்கிக் கொடுங்கள். வாங்கிய அன்றே வீட்டு வாசலில் வைத்து ஐந்து டயருக்கும் அவளையே காற்று அடிக்கச் சொல்லுங்கள். நெடுஞ்சாலை என்றால் பம்ப்பை மறந்துவிட்டுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் தீக்கொளுத்தி டயருக்குக் காற்று ஏற்றும் வீடியோ ஏதாவது அவளுக்கு வந்திருந்தால், அதை அழித்துவிடச் சொல்லுங்கள்.